மூன்று நாட்டு வழக்கு அறிந்த சாலை



கரமனையிலும் அதனை அடுத்த தெருக்களிலும் வாழும் நம்மவர் நாள்தோறும் சொல்லிப் பழகிய பெயர்கள் மூன்று. மளிகையும் துணியும் வாங்கச் செல்லும் இடம் சாலைக் கடைத்தெரு. அதனைக் கடந்து வந்தால் ஆரியசாலை. பின்னும் கிழக்கே வந்தால் வலியசாலை. கிள்ளியாற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டால் நம் கரமனை. ஒன்றையொன்று அடுத்த மூன்றிடங்களின் பெயரிலும் ‘சாலை’ என்னும் சொல் நின்று நிலவுகின்றது. வண்டியும் மாந்தரும் நெருங்கிச் செல்லும் தெருவாதலின், சாலை என்றால் பெருவழி என்று பொருள்கொண்டு நாம் மேலே நடந்துவிடுகின்றோம். ‘வலிய சாலை’ என்றால் ‘பெரிய சாலை’ என்பதுதானே. அகன்ற பாதை ஒன்று முன்னாளில் இருந்திருக்கும் என்று அமைதியுறுகின்றோம்.

இப்பெயருக்குள் ஆயிரத்து நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று அடங்கியிருக்கின்றது. அதனைச் சொல்வதே இத்திங்கள் நம் நோக்கம்.

சாலை என்னும் சொல்

பழந்தமிழில் சாலை என்பது முதற்கண் கூடத்தைக் குறித்தது; பலர் கூடி ஒரு தொழில் நடத்தும் இடத்தைக் குறித்தது. பாடசாலை, தொழிற்சாலை, சிறைச்சாலை என்று இன்றும் நாம் வழங்கும் சொற்களில் அப்பொருளே வாழ்கின்றது. ஈழத்துத் தமிழர் மருத்துவமனையை வைத்தியசாலை என்பர். பசித்தோர்க்கு உணவிடும் இடம் அறச்சாலை எனப்பட்டது. நோயுற்றோர்க்கு மருந்தளிக்கும் இடம் ஆதுலர்சாலை எனப்பட்டது. இருமருங்கும் மரம் நிழல் தரும் வழியையும் சாலை என்றனர். இன்று தனிச்சொல்லாக நின்றபோது அப்பொருள் ஒன்றே நம் நினைவில் முன்னிற்கின்றது.

வலியசாலையில் உள்ள சிவன் கோயிலுக்குக் காந்தளூர் மகாதேவர் கோயில் என்றே இன்றும் பெயர். காந்தளூர் என்ற அப்பெயரைக் கேட்டவுடன், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வரலாறு படித்தவர்க்கு வேறொரு நினைவு எழும். முதலாம் இராசராச சோழனின் கல்வெட்டுகள் பலவற்றில் தவறாது வரும் பெருமை, காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்த செயலாகும். கி.பி. 985-இல் அரியணை ஏறிய அவ்வரசனது 4-ஆம் ஆட்சியாண்டிலேயே இப்பெருமை கல்லில் ஏறத் தொடங்கிவிட்டது. தஞ்சைப் பெருங்கோயில் எழுவதற்கு முன்பே, ஈழத்தையும் கங்கபாடியையும் கொண்டது பாடப்படுவதற்கு முன்பே, அவன் புகழுக்கு முதலாக நின்ற செயல் இதுவே. அக்காந்தளூர்ச் சாலை நம் வலியசாலையே என்பது அறிஞர் பலருடைய முடிபு. வேறிடம் காட்டுவாரும் உளர். எனினும் பெயரும் கோயிலும் ஒருங்கே நின்று சான்றளிக்கும் இடம் வலியசாலையாகலின், அதனையே பலரும் கொள்வர்.

அச்சாலை யாது? அங்கு நடந்தது என்ன? இவற்றிற்கு விடை காந்தளூரில் கிடைக்கவில்லை. வேறோர் ஊரின் செப்பேட்டில் கிடைத்தது.

செப்பேடு கூறும் செய்தி

கரமனைப் பாலத்தைக் கடந்து நெய்யாற்றின்கரை, களியக்காவிளை வழியாகத் தெற்கே சென்றால், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் முஞ்சிறை என்னும் ஊர் உளது. அதனை அடுத்தது பார்த்திவபுரம். கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் இந்நிலம் ஆய் வேந்தர் ஆட்சியில் இருந்தது. கருநந்தடக்கன் என்னும் ஆய் மன்னன், முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்று நிலம் கொடுத்துப் பெற்று, அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டான். கோயிலோடு ஒரு சாலையும் நிறுவினான். இச்செய்தியைச் செப்பேட்டில் வெட்டுவித்தான்.

அச்செப்பேடு காலத்தைக் குறித்திருக்கும் முறை வியப்புக்குரியது. கலியுகம் தொடங்கி எத்தனை நாள் கழிந்தது என்று ஒரு நாளும் பிசகாமல் அது சொல்கின்றது. 14,49,087 நாள் என்பது அக்கணக்கு. அதனை இக்காலக் கணக்கில் மாற்றினால் கி.பி. 866, ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள் ஆகின்றது. நம் நாட்டார்க்கு வரலாற்று உணர்ச்சி இல்லை என்று எழுதிய மேனாட்டார் உண்டு. நாளையே எண்ணிச் செம்பில் வெட்டிய ஒரு மன்னனை அவர்கள் அறிந்திலர் போலும்!

இச்செப்பேடு நெடுங்காலம் திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரியில் இருந்தமையால், ஹஜூர் கச்சேரிச் செப்பேடு என்றே பெயர்பெற்றது. திருவிதாங்கூர்த் தொல்பொருள் துறையின் தலைவராயிருந்த டி. ஏ. கோபிநாத ராவ் அதனைப் படித்து அச்சிட்டார். எழுத்து வட்டெழுத்து, வடசொற்கள் கிரந்த எழுத்தில் உள்ளன, மொழி தமிழ்.

அச்செப்பேடு கூறும் விதிகளுள் தலையாயது, பார்த்திவசேகரபுரத்துச் சாலை காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கைப் பின்பற்றி நடத்தப்படல் வேண்டும் என்பது. 866-இல் ஓர் அரசன் புதிதாகச் சாலை நிறுவும்போது, காந்தளூரை மாதிரியாகக் கொண்டான் என்றால், காந்தளூர்ச் சாலை அதற்கும் முன்பே நிலைபெற்றுப் புகழ்பெற்றிருந்தது என்பது தானே விளங்கும். ஐரோப்பாவின் பழம்பெரும் பல்கலைக்கழகமாகிய பொலோனா 1088-ஐத் தன் தொடக்கமாகக் கொண்டாடுகின்றது. அதற்கு இருநூறாண்டுக்கு முன்பே நம் தெருவின் அருகில் ஒரு கல்விக்கூடம் பிற ஊர்கட்கு வழிகாட்டியாய் நின்றது.

தொண்ணூற்றைந்து மாணாக்கர்

பார்த்திவசேகரபுரத்துச் சாலையில் இடம்பெற்றோர் 95 பேர். அவர்கட்குச் சட்டர் என்று பெயர். வேதக் கிளைகளின்படி இவ்விடங்கள் பகுக்கப்பட்டன. இருக்கு வேதத்தார்க்கு 45. தைத்திரியக் கிளையார்க்கு 36. சாம வேதத்தின் தலவகாரக் கிளையார்க்கு 14. உணவும் உறையுளும் சாலையே அளித்தது. அதற்கென நிலங்கள் விடப்பட்டன.

ஒழுக்க விதிகளும் உள. ஒரு சட்டர் மற்றொருவரை வைதால் தண்டம் உண்டு. ஆயுதத்தால் தாக்கியவனுக்குத் தண்டனை உண்டு. சபை கூடும் இடத்திற்குப் படைக்கலம் கொண்டு செல்லலாகாது. சூதாடலாகாது. உறைவிடத்தில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளலாகாது. இவ்விதிகளைப் படிக்கும்போது அச்சாலை நம் கண்முன் உயிர்பெற்று எழுகின்றது. நடவாத ஒன்றை எவரும் தடை செய்வதில்லை. அந்நாளைய மாணாக்கரும் வைதனர், அடித்துக்கொண்டனர், சூதாடினர் என்பதைச் செப்பேடு தன்னையறியாமலே நமக்குச் சொல்லிவிடுகின்றது. விடுதியில் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கவலுறும் பெற்றோர் இதனால் சிறிது ஆறுதல் கொள்ளலாம்!

எல்லாவற்றினும் சிறந்த விதி, சாலையிற் சேர்தற்கு வேண்டிய தகுதி பற்றியது. சேர விரும்புவோர் இலக்கணம் அறிந்திருத்தல் வேண்டும். புரோகிதத் தொழில் அறிந்திருத்தல் வேண்டும். இவற்றோடு, மூன்று இராச்சியங்களின் வழக்கும் அறிந்திருத்தல் வேண்டும். மூன்று இராச்சியம் என்பது சேர, சோழ, பாண்டிய நாடுகளைக் குறிக்கும் என்பர் அறிஞர்.

ஆய் நாடு சிறிய நாடு. கிழக்கே பாண்டியர், வடக்கே சேரர், தொலைவில் அப்போதுதான் தலைதூக்கிய சோழர். பேரரசுகளின் இடையே வாழ்ந்த அச்சிறு நாடு, தன் இளைஞர்க்குத் தன் ஊர் வழக்கு மட்டும் போதாது என்று உணர்ந்தது. அயலான் சட்டமும், அவன் நீதிமுறையும், அவன் கொடுக்கல் வாங்கலும் தெரிந்தவனே தன் நாட்டுக்குப் பயன்படுவான் என்று துணிந்தது. படிப்பு முடிவில் கற்பிக்கலாம் என்றும் விடவில்லை, வாயிலிலேயே கேட்டது.

சோழ நாட்டிலும் இத்தகைய நிலையங்கள் பின்னர்த் தோன்றின. முதலாம் இராசேந்திரன் காலத்தில் எண்ணாயிரம் என்னும் ஊரில் 340 மாணாக்கர்க்கு இடமளித்த கல்லூரியைப் பற்றிக் கல்வெட்டு உளது. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, பள்ளியோடும் விடுதியோடும் 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையையும் குறிக்கின்றது. உண்டியும் கல்வியும் மருந்தும் ஒரே கூரையின்கீழ் நிற்றல் அந்நாளைய மரபு. ஆயினும் அயல்நாட்டு வழக்கைத் தகுதியாகக் கேட்ட பெருமை நம் தென்கோடிச் சாலைக்கே உரியது.

கலம் என்பது யாது?

இனி இராசராசனிடம் மீள்வோம். அவன் அறுத்த ‘கலம்’ யாது? இவ்வொரு சொல்லின்மேல் நூறாண்டுக்கும் மேலாக அறிஞர் வழக்காடி வந்துள்ளனர்.

தமிழில் கலம் என்றால் மரக்கலம், உண்கலமும் கலமே, அணிகலமும் கலமே, நெல்லளக்கும் அளவும் கலமே. அறுத்தல் என்றால் வெட்டுதல். அறுதியிடுதல், தீர்த்துவைத்தல் என்றும் பொருள்படும். இவ்விரு சொல்லும் சேர்ந்தபோது பொருள் பலவாய்ப் பெருகுதல் இயல்பே.

கல்வெட்டுகளை முதலில் பதிப்பித்தவருள் ஒருவராகிய ஹுல்ஷும் இச்சொல்லைப் பெயர்க்க முயன்றார். பின்னர், சேரனுடைய கப்பற்படையை இராசராசன் அழித்தான் என்னும் விளக்கம் வலுப்பெற்றது. பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் அவ்வழியே சென்றார். பிற்காலத்து இராசாதிராசன் மெய்க்கீர்த்தி இவ்வூரைக் கடலோடு சேர்த்துப் பேசுவது இவ்விளக்கத்திற்குத் துணை. வலியசாலை கடற்கரையினின்றும் உள்தள்ளி இருப்பது அதற்குத் தடை.

நாஞ்சில் நாட்டுக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையை நாம் குழந்தைப் பாடல்களின் ஆசிரியராகவே அறிவோம். அவர் கல்வெட்டாராய்ச்சியிலும் வல்லவர். காந்தளூர்ச் சாலை பற்றி ஆங்கிலத்தில் தனி நூலே எழுதினார் என்பது பலர் அறியாத செய்தி. திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர் அவர். சாலை என்பது உணவளிக்கும் அறநிலையம் என்பது அவர் கொள்கை. கடற்போர் விளக்கத்தை அவர் ஏற்றிலர். அவ்வழியில் நோக்கினால் கலம் உண்கலமாகின்றது.

மூன்றாவதாக, சாலையின் மாணாக்கர் படைக்கலப் பயிற்சியும் உடையராயிருந்தனர் என்றும், அந்நிலையத்தின் வலிமையை அல்லது உரிமையை இராசராசன் ஒடுக்கினான் என்றும் கூறுவோர் உளர். ஆயுதம் பற்றிச் செப்பேட்டில் வரும் விதிகளை அவர்கள் சான்றாகக் காட்டுவர். இராசராசனுக்குப் பின்வந்த சோழர் சிலரும் இதே செயலைத் தமக்கும் புகழாகச் சொல்லிக்கொண்டனர். ஒருமுறை அழிந்த கப்பற்படை மீண்டும் மீண்டும் அழிவதெப்படி என்று இதனால் ஒரு வினா எழுகின்றது. மீண்டும் கட்டியிருப்பர் என்று மறுதரப்பார் விடை கூறுவர். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இஃது ஏட்டுச் சண்டை அன்று. கலம் மரக்கலமாயின் இராசராசன் பகைவன் படையை வென்ற வீரன். கலம் உண்கலமாயின், கற்பார்க்கு இட்ட சோற்றில் கைவைத்தவனோ, அன்றி அதனை ஒழுங்குபடுத்தியவனோ என்று ஆராய வேண்டியவனாகின்றான். ஒரு சொல்லின் பொருள் மாறினால் ஒரு பேரரசனின் முகமே மாறிவிடுகின்றது.

நமக்கு இதனால் என்ன?

2022-லும் 2023-லும் பொன்னியின் செல்வன் திரைப்படம் வந்தபோது நம் வீட்டுப் பிள்ளைகள் சோழர் பெருமையில் திளைத்தனர். அது நன்றே. ஆயினும் இங்கே கரமனையில் வாழும் நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சோழன் வந்து வென்ற மண் இது. வென்றவன் தன் வெற்றியைத் தமிழில் வெட்டினான். அவனுக்கு நூற்றிருபது ஆண்டுகட்கு முன்பு, இம்மண்ணை ஆண்டவனும் தன் அறத்தைத் தமிழிலேயே வெட்டினான். ஆகவே தமிழர் என்ற முறையில் நாம் வென்றவர் பக்கமா, இம்மண்ணவர் பக்கமா என்று கேட்டால், இரு பக்கமும் என்பதே மெய்யான விடை.

இதனைக் கொண்டு, இந்நிலம் முழுதும் நமதே என்று மார்தட்டவும் வேண்டா. அக்காலத்து இப்பகுதி மொழியையே மலையாளத்தின் தொன்மை வடிவமாகக் கொள்ளும் கேரள அறிஞர் உளர். வட்டெழுத்து அவர்க்கும் நமக்கும் பாட்டன் சொத்து. ஒரே பாட்டனின் பேரர் இருவர் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தால், சொத்தைப் பற்றி வழக்காடலாம். பாட்டனைப் பற்றிக் கூடியிருந்து பேசவும் செய்யலாம். பின்னதே நமக்கு ஏற்றது.

கைப்பேசியில் நாளும் வந்து குவியும் செய்திகளைப் பற்றியும் ஒரு சொல். காந்தளூர்ச் சாலை உலகின் முதற் பல்கலைக்கழகம் என்றும், தென்னாட்டு நாளந்தா என்றும், அங்கு கற்பிக்கப்படாத கலையே இல்லை என்றும் அவை முழங்குகின்றன. பார்த்திவபுரத்துச் செப்பேடு சொல்வது அத்துணை இல்லை. 95 இடம், அவையும் வேதம் ஓதும் குலத்தார்க்கே. உழுதவன் மகனுக்கு அங்கு இடமில்லை. அவன் உழுத நிலத்தின் நெல் மட்டும் உள்ளே சென்றது. பெண்ணுக்கும் இடமில்லை. காந்தளூரின் ஒழுங்கே அங்கும் விதியாயிற்று எனின், காந்தளூரும் இதனின் வேறாக இருந்திருக்க முடியாது. பெருமையைச் சொல்லுங்கால் இக்குறையையும் சேர்த்துச் சொல்லுதலே வரலாறு. குறையை மறைத்த பெருமை நம் பிள்ளைகளிடம் நெடுநாள் நில்லாது. பள்ளியில் ஒருவன் கேட்கும் ஒரு கேள்வியில் அது கரைந்துவிடும்.

சொல்லின் பொருளை நாமே ஆய்ந்து துணிய வேண்டுமாயின், எழுத்துத் தெரிதல் வேண்டும். மனோன்மணீயம் ஆசிரியர் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை ஆலப்புழையிற் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்தவர். தம் பணிக்கிடையே கோயில் சுவர்களில் கிடந்த வட்டெழுத்தைப் படித்துத் தொகுத்து, 1894-இல் திருவிதாங்கூரின் பண்டை அரசர் பற்றிய நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அயல்மண்ணில் வாழ்ந்த தமிழர் ஒருவர் அம்மண்ணின் வரலாற்றையே அம்மண்ணினர்க்குத் தேடிக் கொடுத்தார். 42 வயதிலேயே 1897-இல் அவர் மறைந்தார். அவர் நாடகத்தின் வாழ்த்துப் பாடலே 1970 முதல் தமிழ்நாட்டு அரசு விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஒலித்து வருகின்றது.

இன்று நம் வீடுகளில் நிலை யாது? பாட்டியிடம் தமிழில் பேசும் பேரன், பாட்டி எழுதிய கடிதத்தைப் படிக்க இயலாமல் நிற்கின்றான். மலையாளம் பள்ளியில் படிக்கின்றான்; ஆங்கிலம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் மட்டும் காதோடு நின்றுவிட்டது. பள்ளியில் இடமில்லை, நேரமில்லை, பயனில்லை என்று பெற்றோர் காரணம் கூறுவர். அக்காரணங்களில் உண்மையும் உண்டு. ஆயினும் நாளுக்குக் கால்மணி நேரமாகத் திங்கள் சில பயின்றால், எழுத்துக்கூட்டிப் படித்தல் கைவந்துவிடும். தமிழெழுத்தும் மலையாள எழுத்தும் அறிந்தவனுக்கு வட்டெழுத்தும் எட்டாத கனியன்று.

வலியசாலைக் கோயிலுக்கு நம் வீடுகளிலிருந்து நடந்தே செல்லலாம். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று, சாலை என்பது ஒருகால் பெருவழியைக் குறிக்கவில்லை என்பதைச் சொல்லுங்கள். பார்த்திவபுரத்துக் கோயிலும் ஒரு பகலில் சென்று மீளத்தக்க தொலைவிலேயே உளது. போகும் வழியில் கேரள எல்லையைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் நுழைவீர்கள். 1956 நவம்பர் முதல் நாளில் ஏற்பட்ட எல்லை அது. கருநந்தடக்கன் காலத்தில் அவ்விடத்தில் எல்லையும் இல்லை, கேட்போரும் இல்லை. அவன் கேட்டதெல்லாம், வரும் மாணாக்கன் தன் நாட்டு வழக்கோடு அயல்நாட்டு வழக்கும் அறிந்தவனா என்பதே.

பிழைப்பிற்காக இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இரு மொழியும் இரு வழக்கும் அறிந்து வளர்தலை நாம் பலகாலும் சுமை என்று எண்ணி வருந்துகின்றோம். காந்தளூரின் ஒழுங்கைப் பின்பற்றிய சாலையில் அதுவே நுழைவுத் தகுதி. அத்தகுதியில் பாதியை இந்த ஊர் நம் பிள்ளைகட்குத் தானே கற்பித்துவிடுகின்றது. மற்றப் பாதியைக் கற்பிக்கும் கடமை நம்முடையது.